ஒரே ஒரு ஸ்னாப் ஆடினாலும் அது ஒரு ஆட்டம்தான்

டெக்சாஸிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பெயர், ஊர், பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய இரண்டொரு விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன். இங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பால். ஊரிலிருந்து படிப்பவர்கள் மெஸ்ஸியை மனதில் வைத்துக்கொண்டு குழம்ப வேண்டாம்.

மகனுக்கு 19 வயது. ஒன்பது வயதில் பெற்றோருடன் இங்கே வந்தவன், இன்னும் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறான். பள்ளியில் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்களில் நன்றாக ஆடியதால் ஒரு நடுத்தரப் பல்கலைக்கழகத்தில் பாதி ஸ்காலர்ஷிப்போடு இடம் கிடைத்தது. இது முதல் வருடம். ஆடும் இடம் சேஃப்டி, அதாவது எதிரணி பந்தோடு எல்லாரையும் தாண்டி வந்துவிட்டால் கடைசியாக நிற்கும் தடுப்பாளர். 2025 சீசனில் எட்டு ஆட்டம் முடிந்துவிட்டது. இரண்டில் வெற்றி, ஆறில் தோல்வி. இவன் மூன்று ஆட்டங்களில் இறங்கியிருக்கிறான், மூன்றிலும் பந்தை உதைத்துவிட்டு ஓடும் ஸ்பெஷல் டீம்ஸில் மட்டும். போன வாரம் சேஃப்டியாக ஆடிக்கொண்டிருந்த கடைசி வருட மாணவனுக்கு முழங்காலில் அடி. பயிற்சியாளர் இவனைக் கூப்பிட்டு, இனிமேல் தயாராக இரு என்று சொல்லியிருக்கிறார்.

பையனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்குக் கோபம். "தோற்றுக்கொண்டே இருக்கிற அணியில் சின்னப் பையன்களை முதலிலேயே இறக்கிப் பழக்க வேண்டாமா? டெண்டுல்கர் 16 வயதில் ஆடவில்லையா?" என்று கேட்டு, விளையாட்டுத் துறைத் தலைவருக்கு மூன்று பக்க மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறார். அம்மாவின் கேள்விகள் வேறு. இப்போது ஆடினால் ஒரு வருடம் போய்விடும் என்கிறார்களே, அது என்ன கணக்கு? ஸ்பெஷல் டீம்ஸில் ஆடியதெல்லாம் அதில் சேருமா? ஸ்காலர்ஷிப் கொடுத்துவிட்டு உட்காரவைத்தால் நாங்கள் கேட்க முடியாதா? வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் போட்டால் வேறு இடம் கிடைக்காதா? கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: உள்ளூர் கடை ஒன்று இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 800 டாலர் தருகிறேன் என்கிறது, வாங்கிக்கொள்ளலாமா?

அன்புள்ள சகோதரி,

நீங்கள் போகிற போக்கில் கேட்ட அந்த 800 டாலர் கேள்விதான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகக் கவலை கொடுத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன், ஆனால் அதைப் படித்து முடிக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று பையனுக்கு இப்போதே ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். நான் பதினோரு வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் விதிகளைப் பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது வழக்கறிஞராக மாணவ வீரர்களின் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்பதால் சில விஷயங்களை உங்கள் கணவருக்குப் பிடிக்காத மாதிரியும் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் கணக்கு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் 2025 விதிப்படி, முழுநேர மாணவனாகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்த ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன் ஆடலாம். ஆடாமல் ஒதுக்கிவைக்கும் அந்த ஒரு வருடத்துக்குத்தான் ரெட்ஷர்ட் என்று பெயர். முன்பெல்லாம் காயம் மாதிரிக் காரணம் இல்லாமல் ஒரு ஆட்டத்தில் தலைகாட்டினால்கூட அந்த சீசன் போச்சு. 2018 சீசனிலிருந்து ஃபுட்பாலில் இதைத் தளர்த்தினார்கள். நான்கு ஆட்டம்வரை ஆடிவிட்டும் ரெட்ஷர்ட் வைத்துக்கொள்ளலாம், ஐந்தாவதில் காலை வைத்தால் சீசன் செலவாகிவிடும்.

ஸ்பெஷல் டீம்ஸ் சேராது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சேரும். பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையையும் ஒரு ஸ்னாப் என்று எண்ணுகிறோம் இல்லையா, ஒரே ஒரு ஸ்னாப்புக்கு மைதானத்தில் நின்றாலும் விதியின் கண்ணில் அது ஒரு முழு ஆட்டம்தான். பயிற்சியில் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓடலாம், யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்கலாம், அதெல்லாம் கணக்கில் வராது. எனக்குத் தெரிந்த ஒரு பையன், சீசனின் கடைசி ஆட்டத்தில் அணி நாற்பது புள்ளி பின்தங்கிக் கிடந்தபோது, யாரோ ஒரு உதவிப் பயிற்சியாளர் "போடா, நீ ஓடு" என்று முதுகில் தட்டியதால் ஒரு கிக்கை விரட்டிக்கொண்டு ஓடினான். பத்து விநாடிகூட இருக்காது. அது அவனுக்கு ஐந்தாவது ஆட்டம். பட்டியல் என் மேசைக்கு வந்தபோது எண்ணை நான் மூன்று முறை எண்ணிப் பார்த்தேன், மாறவே இல்லை.

ஆக உங்கள் மகன் மூன்று செலவு செய்துவிட்டான், ஒன்று மிச்சம். இன்னும் நான்கு ஆட்டம் இருக்கிறது. நான்கிலும் ஆடினால் ஏழு, முதல் வருடம் முதல் சீசனாகப் பதிவாகும். ஒன்றில் மட்டும் ஆடினால் அடுத்த வருடமும் அவன் ஆட்டக் கணக்கில் ஃப்ரெஷ்மேன்தான், அதாவது முதல் வருட மாணவன். ஐந்து வருடத்தில் ஐந்து சீசனும் ஆடவிடலாமா, ரெட்ஷர்ட் ஆட்ட எண்ணிக்கையைக் கூட்டலாமா என்றெல்லாம் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. வரப்போகும் விதியை நம்பி இன்றைக்குள்ள ஆட்டத்தைச் செலவு செய்யாதீர்கள்.

உரிமை எதில் இருக்கிறது, எதில் இல்லை

ஸ்காலர்ஷிப் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். அதில் படிப்புக்கு இவ்வளவு, தங்கும் இடத்துக்கு இவ்வளவு என்று இருக்கும். இத்தனை நிமிடம் ஆடவைப்போம் என்று எங்கேயும் இருக்காது. யாரை இறக்குவது என்பது முழுக்கப் பயிற்சியாளரின் முடிவு, அதை எதிர்த்து வழக்குப் போட்டால் நிற்காது. உங்கள் கணவரின் மின்னஞ்சலில் ஒப்பந்த மீறல் என்ற வார்த்தை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அதில் எந்த மீறலும் இல்லை, அதைவிட, அந்தக் கடிதம் இரண்டு மணி நேரத்தில் பயிற்சியாளர் மேசைக்குப் போய்விடும். நான் உள்ளே இருந்த காலத்தில் அப்பாக்கள் எழுதிய இந்த மாதிரிக் கடிதங்களுக்கு என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். பதில் மரியாதையாக வரும், பையனுக்கு ஒரு பட்டப்பெயரும் வரும்.

இன்னொன்று. பையனுக்கு 18 தாண்டிவிட்டது, கல்லூரியிலும் சேர்ந்துவிட்டான். மதிப்பெண், உதவித்தொகை மாதிரி அவனுடைய பதிவுகளைப் பற்றி அவன் சம்மதம் இல்லாமல் உங்களிடம் பேச அவர்களுக்குச் சட்டப்படித் தயக்கம் இருக்கும். நம்மூர்ப் பள்ளியில் ஹெட்மாஸ்டரைப் போய்ப் பார்ப்பது மாதிரி இங்கே நடக்காது. பயிற்சியாளரிடம் பேச வேண்டியவன் அவன்தான்.

உரிமை இருக்கும் இடங்களும் உண்டு, அவற்றை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் காலத்துக்குள், சரியாக ஆடவில்லை என்பதற்காகவோ காயம் பட்டுவிட்டது என்பதற்காகவோ ஸ்காலர்ஷிப்பைக் குறைக்கக் கூடாது. அடுத்த வருடத்துக்குப் புதுப்பிக்கவில்லை அல்லது குறைக்கிறோம் என்றால் ஜூலை 1-க்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், நீங்கள் மேல்முறையீடு கேட்கலாம். அவனைக் களத்தில் இறக்கலாமா கூடாதா என்பதில் மருத்துவக் குழு சொல்வதுதான் கடைசி வார்த்தை, பயிற்சியாளர் அதை மாற்ற முடியாது. தலையில் அடிபட்டு கன்கஷன் அறிகுறி தெரிந்தால் அன்றைக்கே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று பையன்கள் சொல்வார்கள். உங்கள் மகனும் சொல்வான்.

டெண்டுல்கர் கதை

உங்கள் கணவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. 1989 நவம்பரில் கராச்சியில் இறங்கியபோது அவருக்கு 16 வயதுதான், அதே தொடரில் சியால்கோட்டில் மூக்கில் அடிவாங்கி ரத்தத்தோடு நின்று ஆடியதும் உண்மை. ஆனால் ஒரு பேட்ஸ்மேன் தப்பு செய்தால் அவர் விக்கெட் போகும், அடுத்த ஆள் வருவார். உங்கள் மகன் நிற்கும் இடத்தில் ஒரு கணம் தப்பான பக்கம் காலை வைத்தால் அணிக்கே ஆறு புள்ளி போய்விடும். ஸ்டேடியமே அவன் எண்ணைப் படிக்கும். சேஃப்டி வெறுமனே ஓடிப்போய்ப் பிடிப்பவன் இல்லை. எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, கூட நிற்பவர்களுக்குக் கத்திச் சொல்லி, பந்து நகரும் முன்பே தடுப்பை மாற்றி நிறுத்த வேண்டியவன். அது கால் வேகத்தில் வருவதில்லை, வீடியோ பார்த்துப் பார்த்து வருவது.

அதனால்தான் இந்த ஆட்டத்தில் சின்னப் பையன்களுக்கு வாய்ப்பு எப்போது என்பது இடத்துக்கு இடம் மாறும். பந்தோடு ஓடுகிறவர்கள், பந்தைப் பிடிக்கிறவர்கள், ஓரத்தில் நிற்கும் கார்னர்பேக்குகள், இவர்கள் முதல் வருடத்திலேயே இறங்குவது சகஜம். முன்வரிசையில் முட்டி நிற்கிற பெரிய பையன்களுக்கு உடம்பு ஏறவே இரண்டு மூன்று வருடம் ஆகும், 19 வயதில் 23 வயதுக்காரனோடு மோதுவது வெறும் தைரியக் கணக்கு இல்லை. தொழில்முறை என்எஃப்எல்லே பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாதவனைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஒஹாயோ ஸ்டேட்டில் முதல் வருடத்திலேயே கலக்கிய மாரிஸ் கிளாரெட் அதை எதிர்த்து நீதிமன்றம் போய், 2004-இல் மேல்முறையீட்டில் தோற்றார்.

அப்புறம், முதல் வருட மாணவர்களைப் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் சேர்க்கலாம் என்பதே 1972-இல் வந்த விதிதான். அந்த வருடமே ஒஹாயோ ஸ்டேட்டில் ஆர்ச்சி கிரிஃபின் என்ற ஃப்ரெஷ்மேன் முதல் ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்டான். அடுத்த ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து எழுந்துபோய் 239 கெஜம் ஓடிப் பள்ளியின் சாதனையையே உடைத்தான். பின்னால் வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை 1974, 1975 என்று இரண்டு முறை வாங்கியவர் அவர்தான். இதை எல்லாரும் இளம் ரத்தத்தின் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்தப் பயிற்சியாளரின் பங்கு. தவறவிட்டவனை அடுத்த வாரமே மறுபடி இறக்கினாரே, அது. உங்கள் மகனின் பயிற்சியாளர் அப்படிப்பட்டவரா, ஒரு தப்பு நடந்ததும் மீதி சீசன் முழுக்க ஓரத்தில் நிறுத்திவிடுபவரா? இது அவனுக்குத் தெரியும். கேளுங்கள்.

அலபாமா கதையும் உங்கள் கணவர் சொல்லியிருப்பார். 2018 ஜனவரி தேசிய இறுதி ஆட்டத்தில் பாதி நேரத்தில் 13-0 பின்தங்கியிருந்தபோது வழக்கமாக ஆடும் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு டுவா டகோவைலோவா என்ற ஃப்ரெஷ்மேனை இறக்கி 26-23 என்று ஜெயித்தார்கள். ஆனால் அவன் அன்றைக்குத்தான் முதல்முறை இறங்கியவன் இல்லை. அந்த சீசனில் அணி பெரிய வித்தியாசத்தில் முன்னணியில் இருந்த பல ஆட்டங்களின் பின்பகுதியில் அவனை இறக்கிக்கொண்டே வந்திருந்தார்கள். கார்பேஜ் டைம் என்று கிண்டலாகச் சொல்வார்கள், முடிவு தெரிந்த பிறகான நேரம். இளம் வீரனை வளர்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. உங்கள் அணி தோற்றுக்கொண்டிருப்பதால் அந்த மாதிரி நேரம் வேறு வடிவத்தில் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இறங்கலாமா?

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்கிறேன். இந்தப் பயிற்சியாளர் அடுத்த வருடம் இருப்பாரா? 2025 அக்டோபரில் மட்டும் பென் ஸ்டேட், ஃப்ளோரிடா, எல்எஸ்யூ மூன்றும் சீசன் நடுவிலேயே தலைமைப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டன. 2-6 என்று நிற்கும் அணியின் பயிற்சியாளர் தூங்கப்போகும்போது என்ன நினைப்பார் என்று ஊகிக்கலாம். மீதி நான்கையும் ஜெயித்தால் ஆறு வெற்றி, சீசன் முடிந்த பிறகு நடக்கும் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி, வேலை தப்பலாம். அதற்காக அவர் யாரை வேண்டுமானாலும் இறக்குவார். உங்கள் மகனின் ஐந்தாவது வருடம் அவருடைய கவலை இல்லை. நான் அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கும்.

ஆனால் இதே காரணம் எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது. அவர் போய்ப் புதியவர் வந்தால், புதியவருக்கு உங்கள் மகன் யார் என்றே தெரியாது. அவர் பார்க்கப்போவது வீடியோ. நிஜ ஆட்டத்தில், நிஜ எதிரிக்கு எதிராக, சேஃப்டியாக நின்ற வீடியோ. கிக்கை விரட்டி ஓடிய வீடியோவை யாரும் முழுதாகக்கூடப் பார்க்க மாட்டார்கள். கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூன் 6-ஆம் தேதி நீதிபதி ஒப்புதல் கொடுத்த பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் ஃபுட்பால் அணி 105 பேருக்கு மேல் போகக் கூடாது. முன்பு ஸ்காலர்ஷிப் 85 பேருக்குத்தான், ஆனால் அதற்கு மேலே சொந்தச் செலவில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டு வருடம் பொறுமையாக உட்கார்ந்து வளரட்டும் என்று ஒருவனை வைத்திருக்கும் இடம் சுருங்கிவிட்டது. ஆடிக் காட்டாத பையன்தான் முதலில் கண்ணில் படுவான்.

அதனால் எத்தனை ஆட்டம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு எந்த ஸ்னாப் என்று கேட்கச் சொல்கிறேன். ஒரு ஆட்டத்தில் தடுப்பு அணிக்குச் சுமார் 60, 70 ஸ்னாப் வரும். அதில் அவனுக்கு 40 கிடைக்கிறது, அதுவும் நான்கு வாரம் தொடர்ந்து என்றால், என் கருத்து: ஆடட்டும். பயப்படாமல் ரெட்ஷர்ட்டை விட்டுவிடுங்கள். 19 வயதில் நான்கு ஆட்டம் முழுதாக ஆடிய அனுபவம், 23 வயதில் வரலாம் வராமல் போகலாம் என்றிருக்கும் ஒரு சீசனைவிடப் பெரியது. மூத்தவன் காயம் ஆறி இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவான், அதுவரை ஒட்டுப்போட இவன், மற்றபடி பழைய கிக் வேலைதான் என்றால், வேண்டாம். மிச்சமிருக்கும் அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் கொடுங்கள், அதையும் சேஃப்டியாக நிற்கும் ஆட்டமாகக் கேட்டு வாங்கட்டும்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைத்தால் நான் நேர்மையானவன் இல்லை. பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான், நான்கு வருடத்தில் பட்டம் வாங்கிவிடுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஐந்தாவது வருடம் என்பது பாதிச் செலவில் மாஸ்டர்ஸ் படிப்பு. நம் வீடுகளில் இந்தக் கணக்கைச் சொன்னதும் எல்லார் முகமும் மாறும், தெரியும். ஆனால் அந்த ஐந்தாவது வருட ஸ்காலர்ஷிப் இன்றைக்கு எழுத்தில் இருக்கிறதா? ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா? ஒரு வருடத்துக்குத்தான் என்றால், நீங்கள் காப்பாற்றப் பார்ப்பது யாரும் உங்களுக்குத் தராத ஒரு பொருளை.

அவன் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவை மூன்று. "இந்த வாரம் நான் சேஃப்டியாக எத்தனை ஸ்னாப் ஆடுவேன் என்று நினைக்கிறீர்கள்? மூத்தவர் எப்போது திரும்புவார்? எனக்கு ஏற்கெனவே மூன்று ஆட்டம் கணக்கில் இருப்பது உங்களுக்குத் தெரியும்தானே?" மூன்றாவது கேள்வியைச் சிரித்த முகத்தோடு கேட்கட்டும். பல உதவிப் பயிற்சியாளர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. பதிலைக் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் போய்ச் சரிபார்க்கட்டும். அவர்களிடம் ஆட்டவாரியான பட்டியல் இருக்கும், அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது தப்பே இல்லை.

காயத்தைப் பற்றி ஒரு நுணுக்கம். பெரிய காயம் பட்டால் மெடிக்கல் ஹார்ட்ஷிப் என்று மனுப் போட்டு அந்த சீசனைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் காயம் சீசனின் முதல் பாதியில் பட்டிருக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு நிபந்தனை. முதல் பாதி முடிந்துவிட்டது. ஆகவே ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கி அன்றைக்கே காலை உடைத்துக்கொண்டாலும் சீசன் திரும்ப வராது. இதைச் சொல்லாமல் அவனை முடிவெடுக்கச் சொல்லக் கூடாது.

போர்ட்டல் பற்றி

முன்பு வருடத்துக்கு இரண்டு முறை திறந்தது. இப்போது ஃபுட்பாலுக்கு ஒரே ஒரு காலவரம்பு, 2026 ஜனவரி 2 முதல் 16 வரை. தலைமைப் பயிற்சியாளர் மாறினால் அந்த அணிக்கு மட்டும் தனியாக ஒரு சிறு வாசல் திறக்கும். பெயர் போடுவது ஐந்து நிமிட வேலை. போட்ட பிறகு இப்போதைய பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தோடு ஸ்காலர்ஷிப்பை நிறுத்திக்கொள்ளலாம், திரும்பி வருகிறேன் என்றால் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. மூன்று ஆட்டம் கிக் மட்டும் ஓடிய ஒரு ஃப்ரெஷ்மேனுக்கு எத்தனை அழைப்பு வரும்? கிளெம்சனில் 2018-இல் இடத்தை இழந்த கெல்லி பிரையன்ட் நான்கு ஆட்டத்தோடு நிறுத்தி, சீசனைக் காப்பாற்றிக்கொண்டு மிசூரிக்குப் போனார். அவரால் முடிந்தது, ஏனென்றால் அதற்கு முந்தைய வருடம் முழுக்க ஆடிய வீடியோ கையில் இருந்தது. ஜோ பர்ரோ ஒஹாயோ ஸ்டேட்டில் மூன்று வருடம் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தவர். ஆனால் எல்எஸ்யூவுக்குப் போனபோது கையில் பட்டம் இருந்தது. 2019-இல் ஹைஸ்மன் வாங்கினார். பாடங்களின் கிரெடிட் எல்லாம் அப்படியே புது இடத்தில் ஏற்கப்படாது என்பதையும், மூன்றாம் வருடம் தொடங்கும்போது பட்டத்தில் 40 சதவீதம் முடித்திருந்தால்தான் ஆட முடியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த ஜனவரியில் போர்ட்டல் வேண்டாம் என்பது என் கருத்து. பயிற்சியாளர் மாறினால் மட்டும் மறுபடி எனக்கு எழுதுங்கள்.

அந்த 800 டாலர்

இதில் தளர்வே கிடையாது. எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேலை செய்யும் அனுமதி இல்லை. எச்-4 வேலை அட்டை என்று நீங்கள் கேள்விப்பட்டது கணவன் மனைவிக்கு மட்டும், அதுவும் சிலருக்கு. கூட ஆடும் பையன்கள் எல்லாரும் கடை விளம்பரத்தில் நிற்கிறார்கள், பிரியாணிக் கடையில் கையெழுத்துப் போடுகிறார்கள், என்சிஏஏவும் 2021-இலிருந்து அனுமதிக்கிறது, எல்லாம் உண்மைதான். என்சிஏஏ அனுமதித்தது விளையாட்டு விதியை. குடியேற்றச் சட்டம் வேறு வீட்டுச் சமாச்சாரம். ஒரு இன்ஸ்டாகிராம் வீடியோவுக்குக் காசு வாங்கினால் அது அனுமதி இல்லாத வேலை என்று பார்க்கப்படலாம், நாளைக்கு அவன் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறும்போதோ உங்கள் கிரீன் கார்டு வரிசையிலோ அது எழுந்து வந்து நிற்கும். பல்கலைக்கழகமே இப்போது வீரர்களோடு வருமானத்தைப் பகிர்கிறது, அந்தக் காசு பற்றிய தாள் ஏதாவது அவனிடம் கொடுக்கப்பட்டிருந்தாலும் இதே பதில்தான். ஸ்காலர்ஷிப் வாங்குவதில் சிக்கல் இல்லை.

இன்னும் முக்கியம், 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். அவனுக்கு அது இரண்டாவது கல்லூரி வருடத்திலோ மூன்றாவது வருடத் தொடக்கத்திலோ வரும், சீசன் நடுவிலா என்று பிறந்த தேதியை வைத்துப் பாருங்கள். எஃப்-1 மாற்றத்துக்கு மாதக்கணக்கில் நேரம் எடுக்கலாம், முன்கூட்டியே தொடங்க வேண்டும். ரெட்ஷர்ட் வைத்து ஐந்தாவது வருடம் என்று திட்டமிட்டால் அந்த வருடம் முழுக்க எஃப்-1-இல்தான் இருப்பான். இதற்கு நான் போதாது, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள், விளையாட்டு வீரர்களோடு பழகியவராக இருந்தால் நல்லது. போகும்போது அவனுடைய வருகைப் பதிவான ஐ-94, உங்கள் கணவரின் வேலைவழி கிரீன் கார்டு மனுவான ஐ-140-இன் ஒப்புதல், அதிலுள்ள முன்னுரிமைத் தேதி, ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம், பல்கலைக்கழகம் கொடுத்த வேறு எந்தத் தாளாக இருந்தாலும் எடுத்துப் போங்கள்.

இந்த வாரம் அவன் பயிற்சியாளரைப் பார்க்கப்போவது எந்த நாள் என்று கேளுங்கள். வியாழனுக்குள் பார்த்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமை அணி கிளம்பிவிடும். கூடவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், அந்த மூன்று பக்கத்தை வீணாக்க வேண்டாம். அதில் பையன் ஆடிய ஆட்டங்களைப் பற்றி அவர் எழுதியிருக்கும் இரண்டு பத்தி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, அவர் ஆட்டத்தை உன்னிப்பாகப் பார்க்கிற மனிதர். அந்த இரண்டு பத்தியை மட்டும் வெட்டி மகனுக்கு அனுப்பட்டும்.